குறுக்கே பேசாதவன்

ஞானசிகாமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் பின்பக்கமாக நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தான். எங்கள் பதுங்கு அறையின் வாசல் இடுப்பளவு உயரம்தான். முதுகில் டெலிபோன் கம்பி உருளையைக் கட்டியிருக்கிறவன் முதலில் உருளையை வெளியே விட்டு அதன் பிறகுதான் தான் போக முடியும். ஆகவே லைன் வேலைக்குப் போகிற எல்லோரும் குனிந்து, பின்வாங்கித்தான் போவார்கள். மற்றவர்களுக்குப் போனவனின் முதுகு ஞாபகம் இருக்கும். எனக்கு முகம் இருக்கிறது. ஐம்பது வருஷமாக இருக்கிறது, வேண்டாம் என்றாலும் இருக்கிறது, மீசையில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்கோடு இருக்கிறது. வாசலில் தலை மட்டும் உள்ளே இருக்கும்போது நின்று, "லேய் தயாளா, எனக்க டீக்க மேல ஒரு தட்டக் கவுத்து வை. ஒனக்க நாக்கு அதுல பட்டா அதுவும் கீது கீதுன்னு பேச ஆரம்பிச்சிரும்" என்றான். நான் ஆற்காட்டுக்காரன், அவன் மார்த்தாண்டத்துக்காரன். ஒரே ரெஜிமென்டில் ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேர், ஒருவன் பேச்சை மற்றவன் கிண்டல் செய்தே நாலு குளிர்காலம் ஓட்டினோம். "போய்ட்டு வாடா, உன் தமிழுக்கே ஒரு இன்டர்பிரட்டர் வெக்கணும்" என்றேன். தலையும் வெளியே போயிற்று. 1974 பிப்ரவரி, காலை ஒன்பது பத்து. நேரம் எனக்குத் தெரியும், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகையில் உட்கார்ந்திருந்தவன் நான். லைன் வேலைக்கு இரண்டு பேர் போகவேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆளுக்குக் கால் வீங்கி பூட்ஸ் ஏறவில்லை. கேப்டன் வந்து பார்த்துவிட்டு, ஒருத்தன் போனால் போதும், பதினொரு மணிக்குள் லைன் வேண்டும் என்றார். என்றார் என்ன, என்றான். ஐம்பது வருஷம் அவனுக்கு மரியாதை கொடுத்தாயிற்று.

இப்போது காங்டாக்குக்கு மேலே அதே பனிமலையில், செக்போஸ்ட்டில், ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மேலே யாரோ பெரிய அதிகாரி பார்வையிட்டுவிட்டு இறங்குகிறாராம், அவருடைய வண்டிகள் தாண்டுகிறவரைக்கும் யாரும் ஏறக்கூடாதாம். ஒரு சிப்பாய் கையை நீட்டி நிறுத்தினான், நாங்கள் நிற்கிறோம், எங்களுக்கு முன்னால் முப்பது வண்டி, பின்னால் எத்தனையோ. டிரைவர் பெயர் பசங், இந்த ஊர்க்காரன். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்த் தீ மூட்டியிருக்கிற மற்ற டிரைவர்களோடு நிற்கிறான். இன்றைக்கும் பெரியவருக்காகத்தான் நிற்கிறோம். எனக்கு நெஞ்சு எரிகிறது. உயரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று லில்லி சொல்கிறாள், மூச்சு முட்டுதா மாமா, தண்ணி குடிங்க என்கிறாள், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறாள். லில்லி புஷ்பம். ஞானத்தின் மகள். அவன் செத்தபோது நாலு மாசக் குழந்தை, இப்போது ஐம்பது வயது, ஊரில் கணக்கு டீச்சர். அப்பாவை அவள் ஒரு போட்டோவில் பார்த்திருக்கிறாள். அவளுடைய அம்மா தங்கபாய் போன ஈஸ்டருக்கு முன்னால் இறந்தாள். பெட்டியைக் குடைந்தபோது நான் வருஷாவருஷம் அனுப்பிய கிறிஸ்துமஸ் கார்டுகள் கட்டாக இருந்ததாம், அதிலிருந்த முகவரிக்குப் போன் நம்பர் தேடிக் கண்டுபிடித்து, மாமா, அப்பா செத்த எடத்த எனக்குக் காட்டுவியளா என்று கேட்டாள். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுபத்தாறு வயதில், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம், ரயிலில் இரண்டு நாளும், காங்டாக் லாட்ஜில் இரண்டு நாளும், அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஜீப் ஏறிய பிறகுதான் சொன்னாள். "எங்க அம்ம நான் சேட்ட செஞ்சா அடிக்க மாட்டா மாமா. அப்பனப் போல சொன்ன பேச்சு கேளாம போயிராதன்னு சொல்லுவா. அதுக்கு அடிச்சிருக்கலாம்." சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல், "மேல போயி அப்பாட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாலு மாசத்துப் பிள்ளய நெனைக்காம என்னத்துக்குக் கம்பிய விட்டுட்டுப் போனியன்னு" என்றாள். அதை அவள் அங்கே போய்க் கேட்பாள். பாறையைப் பார்த்துக் கேட்பாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதிலிருந்து வாய்க்குள் அரைத்துக்கொண்டிருக்கிறேன், சாலை மூடியிருக்கிறவரைக்கும் நேரம் இருக்கிறது, சாலை மூடியிருப்பது நல்லது, இல்லை, கெடுதல், திறந்துவிட்டால் சொல்லாமல் தப்பிக்கலாம்.

முன்னால் நிற்கிற வண்டியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போனைத் தூக்கிப் பிடித்து யாருக்கோ முகத்தைக் காட்டுகிறார்கள், பனியைக் காட்டுகிறார்கள், மறுமுனையில் ஒரு கிழவர் கை ஆட்டுவது எனக்கே தெரிகிறது. என் சட்டைப்பையில் இருக்கிற போனிலும் சிக்னல் கோடு கோடாக நிறைந்து நிற்கிறது. இந்த மலையில். இங்கே ஒரு வார்த்தை போய்ச் சேருவதற்கு ஏழு மைல் கம்பி இழுத்தோம், கையுறையைக் கழற்றினால் தோல் கம்பியோடு போகும், கழற்றாமல் முடிச்சுப் போட முடியாது. சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் மேல் என்ன கோபம். அவர்கள் மேலும் கோபம்தான். லைன் அறுந்தால் லைன்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடப்பான், அறுந்த இடத்தைச் சேர்ப்பான், சேர்த்த இடத்தில் தன்னிடம் இருக்கிற சோதனைப் போனின் இரண்டு கிளிப்பைக் கம்பியில் கடிக்கவிட்டு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவான். கூப்பிட்டதும் முதலில் சொல்லவேண்டியது லைன் ஓகே. உடம்பு எப்படி, பனி எப்படி, எல்லாம் அப்புறம். லைன் ஓகே என்று காதில் விழுந்த உடனே பலகையில் இருக்கிறவன் கை, காத்திருக்கிற அதிகாரிக்கு லைனைக் கொடுக்கப் போய்விடும். யோசித்துப் போவதில்லை, அது கைப்பழக்கம், நடக்கும்போது கால் எடுத்து வைக்கிற மாதிரி. பத்து நாற்பதுக்கு ஞானம் கூப்பிட்டான். லைன் ஓகே என்றான். என் கை போயிற்று. அப்புறம் சொன்னான், "தயாளா, இங்க கண்ணு ஒண்ணும் தெரியல்ல. விட்டு விட்டுப் போட்ட பனி இப்பம் ஒரேயடியாப் போடுது. வந்த கம்பி பனிக்குள்ள போயிட்டு. நான் இங்ஙன பாறைக்க அடியில நிக்கட்டா, வரட்டா. கேட்டுச் சொல்லு." லைன்காரன் தானாக நிற்க முடியாது. நின்றால் வேலையிலிருந்து ஒதுங்கியதாக ஆகும், அதற்கு ஒரு அதிகாரி வாயால் உத்தரவு வேண்டும். அதனால்தான் கேட்டான். இல்லையென்றால் அவனுக்குத் தெரியாதா, பாறை இருந்தால் பாறையை ஒட்டி நிற்கவேண்டும் என்று. நான், "இரு" என்றேன். இரு. இரு என்றால் அங்கேயே இரு என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பான். எடுத்துக்கொள்ளவில்லை. போனில் இரு என்றால் காதை எடுக்காமல் இரு என்று அர்த்தம், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேப்டன் பக்கத்து அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். "சார், லைன் பார்ட்டி கேட்கிறான், நிற்கவா வரவா" என்று ஆரம்பித்தேன். நிற்கவா என்பது வரைக்கும்தான் போனது. "முதலில் லைனைக் கொடு." கொடுத்தேன். அவன் கீழே பட்டாலியனுக்குப் பேசினான். எக்ஸ்சேஞ்சுக்காரன் மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் காது வைத்துப் பார்க்கவேண்டும், பேச்சு முடிந்ததா என்று. முதல் தரம் வைத்தபோது, வருகிற செவ்வாய்க்கிழமை பார்வையிட வருகிற பெரியவர் முட்டை சாப்பிடுவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கீழே இருந்தவன் விசாரித்துச் சொல்கிறேன் என்றான். சாப்பிடாவிட்டால் கோழியாவது உண்டா, கோழி மேலே வருவதற்கு எத்தனை நாள், உயிரோடு கொண்டுவந்தால் வழியில் செத்துவிடுமே. இதையெல்லாம் கேட்டேன். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, கோபத்தில் கூட்டவில்லை, கோழி வழியில் செத்துவிடுமே என்று அவன் கவலைப்பட்டான். இரண்டு குரலுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. காற்று. லைனில் காற்று அடித்தது. கிளிப் இன்னும் கம்பியில் இருக்கிறது, ஞானம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். இவர்கள் பேசுவது அத்தனையும் அவனுக்குக் கேட்கிறது. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேப்டனுக்கும் கேட்டிருக்கும், பட்டாலியனுக்கும் கேட்டிருக்கும். சார், நான் லைன்மேன், எனக்குக் கண் தெரியவில்லை. அவ்வளவுதான். சொல்லவில்லை. அதிகாரி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. தோட்டா பாயும்போதும் பேசக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான், அவனும் செத்திருப்பான், எங்கேயாவது குறுக்கே பேசாமல். ஏன்டா பேசவில்லை. ஞானம், நாலு வருஷம் என்னை ஒரு வார்த்தை முடிக்க விட்டிருப்பாயா நீ, வாய் ஓயாமல் குறுக்கே பேசுகிறவன், அன்றைக்கு மட்டும் எதற்கு மரியாதை. முட்டைக்கும் கோழிக்கும் நடுவே நின்றுகொண்டு மரியாதை. இரண்டாவது தரம் காது வைத்தபோது கேப்டன் பேச்சை நிறுத்தி, "என்ன இரைச்சல் இது, எக்ஸ்சேஞ்ச், லைன்மேன் இன்னும் கிளிப்பை எடுக்கவில்லையா, எடுக்கச் சொல்" என்றான். நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். "லைன் பார்ட்டி, கிளிப்பை எடு." டக் என்று ஒரு சத்தம். காற்று நின்றது. குரல்கள் தெளிவாகிவிட்டன. கேப்டன், "குட்" என்றான்.

நிற்க உத்தரவு இல்லாமல் கிளிப்பை எடுத்தவன் திரும்பி நடந்தே ஆகவேண்டும். நாலு நாள் கழித்து உடலை எடுத்தோம், பாறைக்குக் கீழே இருநூறு அடி தள்ளி. விசாரணை ஒரு கூடாரத்தில் நடந்தது, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், கேப்டன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கடைசியாக என்ன சொன்னார். லைன் ஓகே என்று சொன்னார் சார். அவ்வளவுதானா. கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது, என் கால் விரல்களுக்கு மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சூடு கிடைத்தது, அந்தச் சுகத்தில் நின்றுகொண்டு, அவ்வளவுதான் சார் என்றேன். கேப்டன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் பயந்து சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். உத்தரவில்லாமல் கம்பியை விட்டுக் குறுக்குவழி தேடியதால் நேர்ந்த மரணம் என்று எழுதினார்கள். அந்தத் தாள் தங்கபாய்க்குப் போயிற்று. ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் படித்துச் சொன்னாராம், சொன்ன பேச்சு கேளாமல் போனான் என்பது அவருடைய மொழிபெயர்ப்பாக இருக்கும், அதுவே அந்த வீட்டில் ஐம்பது வருஷம் நின்றுவிட்டது. நான் அடுத்த வருஷம் நாயக் ஆனேன், அப்புறம் ஹவில்தார். கேப்டன் இன்னும் எவ்வளவோ ஆகி, போன வருஷம் இறந்தபோது துப்பாக்கி வணக்கத்தோடு எரித்தார்கள், பழைய ராணுவக்காரர் சங்கத்திலிருந்து எனக்கும் போனில் படம் அனுப்பினார்கள், கீழே எல்லோரும் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு அழிக்கப் பார்த்தேன், அழிக்கத் தெரியவில்லை, அந்தப் பொம்மை இன்னும் இருக்கிறது. என் மனைவி பட்டம்மாளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன், கல்யாணமான பத்தாவது வருஷத்தில். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமல், "அந்தப் பொண்ணுக்கு எழுதிப் போட்டுடு" என்றாள். ஒவ்வொரு டிசம்பரிலும் கார்டு எழுத உட்கார்ந்தால் சொல்லுவாள், "இந்த வாட்டியாவது எழுதினியா." எழுதினேன் என்பேன். என்ன எழுதினேன், தங்களுக்கும் குழந்தைக்கும் பண்டிகை வாழ்த்துக்கள். இதையே ஐம்பது தரம். அவள் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது கேட்க ஆளில்லை, நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன், எழுதினியா.

"மாமா, என்னமோ மொணங்குறிய" என்றாள் லில்லி. நான் முணுமுணுத்தது எனக்குத் தெரியவில்லை. அவள் பிஸ்கட்டை ஒடித்துப் பாதியை என் கையில் வைத்தாள். கீழே தீயைச் சுற்றி நின்றவர்கள் யாரோ சொன்னதற்குச் சிரித்தார்கள். "உங்கப்பா கம்பிய விட்டுட்டுப் போகலம்மா" என்றேன். சொல்ல நினைத்திருந்தது இப்படி இல்லை. முதலில் பனி, பிறகு விதி, பிறகு கேப்டன், கடைசியில் நான் என்று வரிசையாக வைத்திருந்தேன். எல்லாம் தலைகீழாக வந்தது, கிளிப் முதலில் வந்தது, கோழி நடுவில் வந்தது, அப்புறம் கிளிப் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது, விளக்கும்போது என் விரல்கள் காற்றில் கம்பியைக் கடித்தன. அவள் டீச்சர், இடையில் நிறுத்திக் கேட்டாள். "கிளிப்ப எடுன்னு சொன்னது அந்த ஆபீசரா, நீங்களா?" "அவன் எங்கிட்ட சொன்னான். நான் உங்கப்பாகிட்ட சொன்னேன்." "அப்பா என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லல. எடுத்துட்டான்." "நிக்கட்டா வரட்டான்னு கேட்டதுக்கு?" "யாரும் பதில் சொல்லல." "அந்தப் பேச்சு முடிஞ்ச பொறவு?" "கூப்பிட்டேன். கிளிப் இல்லாதவனுக்கு எப்படிக் கேக்கும்." அவள் பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மடித்து மூடினாள். "அப்பம் சொன்ன பேச்சு கேட்டுத்தான் செத்திருக்காங்க" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மைக்குத் தெரியுமா?" "இல்ல." "வருஷம் தவறாம கார்டு போட்டியளே." குரல் உயரவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்ம கடைசி மாசம் பேச்சு நின்னு கெடந்தா மாமா. அதுக்கு முந்துன வாரம்கூட, அந்த மனுசன் பிடிவாதக்காரன்னு ஏசிக்கிட்டுத்தான் கெடந்தா. ஒங்க கார்டு அப்பம் மேசமேல இருந்து." நான் கேப்டனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அவன் லைனைக் கேட்ட விதம் அப்படி, மறுத்தால் என் கதி என்ன. அவள் கையை உயர்த்தினாள், வகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. "அவரு செத்துட்டாரு. நீங்க ஐம்பது வருஷம் உயிரோட இருந்தியளே." அவன் மேல் இருக்கிற கோபத்தை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது, அது எனக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது, ஆனால் அவள் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டாள். கதவைத் திறந்து இறங்கிப் போனாள். சாலையோரத்துத் தடுப்புக் கல்லருகே முதுகைக் காட்டி நின்றாள். சால்வை காற்றில் அடித்தது. அப்பாவைப் போலவே கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறாள், அதை நான் யாரிடம் சொல்வது.

பெரியவரின் வண்டிகள் இறங்கி வந்தன. ஒன்பது வண்டி, எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. சிப்பாய் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். என் கையும் உயர்ந்தது, மடியிலிருந்து தானாக, நெற்றி வரைக்கும் போய்விட்டது, மற்றக் கையால் பிடித்து இறக்கினேன். சாலை திறந்தது. வண்டிகள் உறுமத் தொடங்கின, பசங் கையைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்து ஏறினான். லில்லி வந்தாள், ஆனால் ஏறவில்லை, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "நீங்க இங்ஙன இருங்க மாமா. அந்தக் கடையில சூடா இருக்கும். நான் போயிட்டு வாறேன்." "உனக்கு இடம் தெரியாதேம்மா." "டிரைவர்ட்ட சொல்லுங்க." "நான் வந்து காட்டறேன். ஒண்ணும் பேச மாட்டேன்." "வேண்டாம். நான் அவங்கட்ட வேற கேக்கணும் இப்பம். நீங்க நிக்கும்போ கேக்க முடியாது." இறங்கினேன். என் முழங்கையைப் பிடித்து இறக்கினாள், தரையில் கால் பட்டதும் விட்டுவிட்டாள். மாமா என்றுதான் கூப்பிட்டாள், அதை ஏன் மாற்றவில்லை என்று தெரியவில்லை. பசங்கிடம் ராணுவத்து ஹிந்தியில் சொன்னேன்: மூன்றாவது வளைவு, ஓடை சாலையைக் கடக்கிற இடம், அதற்கு மேலே நடுவில் பிளந்த ஒரு பெரிய பாறை, அதில் லைன் கட்டுவதற்காக நாங்கள் நாலு இரும்பு முளை அடித்திருந்தோம், அங்கேதான். பசங் தலையாட்டினான். தெரியும் என்றான். மூன்றை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது, சாலை வேலை செய்கிற பெண்கள் மதியச் சாப்பாட்டுத் தூக்கை அதில்தான் மாட்டுகிறார்கள் என்றான்.